அழிப்பதும் கலைதானா? சுவரோவியமும் வன்கொடுமைச் சட்டமும்

சில ஆண்டுகளுக்கு முன் வட்டாட்சியர் அலுவலகமொன்றில் நடந்த அமைதிப் பேச்சுவார்த்தையில் கேட்ட வாதம் ஒன்று இன்னும் என்னைவிட்டு அகலவில்லை. சேரியின் நுழைவாயிலை ஒட்டிய பொதுச் சுவரில் கல்லூரி மாணவர்கள் சிலர் அண்ணல் அம்பேத்கரின் முகத்தை நீல வண்ணத்தில் வரைந்திருந்தனர். ஒரு வாரம்கூடக் கழியவில்லை. ஓரிரவில் அந்த முகத்தின் மீது கழிவு எண்ணெய் ஊற்றப்பட்டிருந்தது. கண்களின் மீது சாணி அறையப்பட்டிருந்தது. புகார் கொடுக்கச் சென்றவர்களிடம் காவல் நிலையத்தில் கேட்கப்பட்ட முதல் கேள்வி, சுவர் யாருடையது, வரைய அனுமதி வாங்கினீர்களா என்பதுதான். முதல் தகவல் அறிக்கை பதிவாகவில்லை. பேச்சுவார்த்தைக்கு நாள் குறித்தார்கள்.

எதிர்த்தரப்புப் பெரியவர்கள், குடிபோதையில் எவனோ செய்துவிட்டான் என்ற வழக்கமான பாட்டைப் பாடினார்கள். அவர்களோடு வந்திருந்த இளைஞர் ஒருவர் மட்டும் வேறு விதமாகப் பேசினார். படித்தவர், பெருநகரில் வடிவமைப்புத் துறையில் வேலை. "அனுமதி இல்லாமல் சுவரில் வரைந்துவிட்டுத் தெருக்கலை என்கிறார்கள். தெருக்கலையின் மேல் இன்னொருவர் கைவைப்பதும் தெருக்கலைதான். உலகம் முழுவதும் அப்படித்தான்" என்றார். குரலில் பதற்றமே இல்லை.

எங்கள் பக்கத்து மாணவர்கள் திகைத்துப்போனார்கள். ஆதிக்கத்தின் சின்னங்கள் மீது வண்ணம் வீசுவதும் கலைதான் என்று கல்லூரிக் கருத்தரங்குகளில் பேசியவர்கள் அவர்கள். தங்கள் வாதமே எதிரியின் வாயிலிருந்து திரும்பி வந்தபோது, "அது கலை அல்ல, வக்கிரம்" என்று மட்டுமே அவர்களால் சொல்ல முடிந்தது. அந்த விடை போதாது. வழக்கறிஞர் என்ற முறையில் சொல்வதானால், அது ஆபத்தான விடையும்கூட. கலையா, கலை அல்லவா என்பதே வழக்கின் மையக் கேள்வி என்று நாம் ஒப்புக்கொண்டுவிட்டால், நீதிமன்றக் கூண்டில் நிற்க வேண்டியவர் ஓவியக் கல்லூரி விவாதத்துக்குள் நழுவிச் சென்றுவிடுவார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அயல்நாட்டு உதாரணங்களை அடுக்குவார். அவற்றில் பலவும் உண்மையான உதாரணங்களாகவே இருக்கும்.

ஆகவே அந்த உதாரணங்களை முதலில் நாமே நேர்மையாகப் பார்த்துவிடுவது நல்லது.

கேம்டன் கால்வாய்ச் சுவர்

லண்டன் மாநகரின் கேம்டன் பகுதியில், ரீஜென்ட்ஸ் கால்வாயை ஒட்டிய சுவரொன்றில் 1985இல் ராபோ என்ற கிராஃபிட்டிக் கலைஞர் தம் பெயரைப் பெரிய வண்ண எழுத்துகளில் தீட்டினார். நீர்வழியாக மட்டுமே எளிதில் அணுகக்கூடிய இடம் அது. அதனாலேயே ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் அந்த எழுத்து தாக்குப்பிடித்தது. இடையில் வந்தவர்கள் ஓரங்களில் கிறுக்கினாலும் மூல எழுத்து முற்றாக மறையவில்லை. 2009ஆம் ஆண்டின் இறுதியில் பேங்க்ஸி அந்தச் சுவரில் கைவைத்தார். அதற்குள் அவர் உலகப் புகழ் பெற்றிருந்தார்; அவருடைய படைப்புகள் ஏல நிறுவனங்களில் பெருந்தொகைக்கு விற்றுக்கொண்டிருந்தன. சுவர்த்தாள் ஒட்டும் தொழிலாளி ஒருவரின் உருவத்தை ஸ்டென்சில் முறையில் வரைந்து, ராபோவின் பழைய எழுத்துகளில் எஞ்சியதையே அந்தத் தொழிலாளி ஒட்டிக்கொண்டிருக்கும் தாளாகத் தோன்றச் செய்தார். மற்ற பகுதி வண்ணத்துக்கு அடியில் மறைந்துபோனது.

கிராஃபிட்டியை விட்டு விலகியிருந்த ராபோ, அந்தக் கிறிஸ்துமஸ் நாளில் மறுபடி சுவருக்கு வந்தார். பேங்க்ஸி வரைந்த தொழிலாளியை அழிக்காமல் அப்படியே விட்டு, அவர் 'கிங் ராபோ' என்று வெள்ளி நிறத்தில் எழுதிக்கொண்டிருப்பதுபோல் மாற்றினார். சில நாட்களில் 'கிங்' என்ற சொல்லுக்கு முன்னால் மூன்று எழுத்துகள் முளைத்து அது வசைச்சொல்லாயிற்று. அடுத்து, லண்டனில் பேங்க்ஸியின் ஓவியங்கள் ஒவ்வொன்றாக ராபோ குழுவினரால் திருத்தப்பட்டன. 2011இல் தலையில் அடிபட்டு ராபோ நினைவிழந்தார். அவர் நினைவின்றிக் கிடந்தபோது பேங்க்ஸி அதே சுவரில், 1985ஆம் ஆண்டின் எழுத்தைக் கறுப்பு வெள்ளையில் மீண்டும் வரைந்து, அதன்மேல் தீச்சுடர் எரியும் வண்ணத் தெளிப்பானையும் சேர்த்தார். 2014இல் ராபோ இறந்தார்.

இந்தக் கதையில் எது ஓவியம், எது அழிப்பு? ஒவ்வோர் அழிப்பும் தனக்கு முந்தையதை வாசித்து, அதற்கு விடை சொல்லி, தானும் ஒரு படைப்பாக நிற்கிறது. தெருக்கலை மீதான அழிப்பும் கலையாக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. எனவே வட்டாட்சியர் அலுவலகத்தில் பேசிய இளைஞரின் முதல் பாதி வாதத்தை நான் மறுக்கப்போவதில்லை.

ஆனால் அந்தச் சண்டை எப்படிப்பட்டவர்களுக்கு இடையில் நடந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இருவர் கையிலும் ஒரே வகை வண்ண டப்பா. இருவருக்கும் அந்தச் சுவர் சொந்தமில்லை. அகப்பட்டால் இருவரையும் பிடிப்பது ஒரே காவல்துறை. ராபோவின் எழுத்து அழிந்த இரவில் ராபோவின் பிள்ளைகள் வீட்டில் அஞ்சிக் கிடக்கவில்லை. பேங்க்ஸியின் ஓவியம் திருத்தப்பட்டதால் பேங்க்ஸியின் உறவினர் எவரும் பொதுக் கிணற்றிலிருந்து விரட்டப்படவில்லை. அங்கேயும் ஏற்றத்தாழ்வு உண்டு, மறுக்கவில்லை. பேங்க்ஸியின் படங்கள் சிலவற்றுக்குக் கண்ணாடித் தகடு போட்டுப் பாதுகாத்த நகரம் மற்றவர்களின் எழுத்துகளைத் 'துப்புரவுப் பணி' என்ற பெயரில் கழுவித் தள்ளியது. ஒன்று அழிந்தால் 'சேதம்', மற்றொன்று அழிந்தால் 'சுத்தம்' என்று பெயரிடும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது நமக்குப் புதிய கேள்வி அல்லவே.

இன்னோர் உதாரணமும் வழக்கமாக வரும். 1953இல் அமெரிக்க ஓவியர் ராபர்ட் ராஷன்பெர்க், தம்மைவிட மூத்த, புகழ்பெற்ற ஓவியர் வில்லெம் டி கூனிங்கின் கோட்டோவியம் ஒன்றை ரப்பரால் அழித்து, எஞ்சிய வெற்றுத் தாளையே படைப்பாகச் சட்டமிட்டு வைத்தார். இன்று அது சான் ஃபிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. அழிப்பே கலை என்பதற்குப் பாடநூல் சான்று. ஆனால் ராஷன்பெர்க் நள்ளிரவில் சென்று அதைச் செய்யவில்லை. டி கூனிங்கின் கதவைத் தட்டி, என்ன செய்யப்போகிறேன் என்பதைச் சொல்லி, ஓவியத்தைக் கேட்டுப் பெற்றார். டி கூனிங் விருப்பமின்றியே ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

பிரிஸ்டலில் கிடந்த சிலை

நம் மாணவர்கள் மேற்கோள் காட்ட விரும்பும் நிகழ்வு வேறு. 2020 ஜூன் 7 அன்று, கறுப்பின மக்களின் உயிர்களுக்கான போராட்டத்தின்போது, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் எட்வர்ட் கோல்ஸ்டன் சிலை கயிறு கட்டிச் சாய்க்கப்பட்டது. ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கடத்தி விற்ற ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் பொறுப்பாளர்களில் ஒருவர் கோல்ஸ்டன். அவர் இறந்து நூற்றெழுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1895இல், நகரத்தின் கொடை வள்ளலாக அவருக்குச் சிலை எழுப்பியிருந்தார்கள். போராட்டக்காரர்கள் அதன்மீது வண்ணம் பூசி, தெருவில் உருட்டிச் சென்று துறைமுக நீரில் தள்ளினர். நகர நிர்வாகம் அதை நீரிலிருந்து எடுத்து, அடுத்த ஆண்டு எம் ஷெட் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தது. மறுபடி நிமிர்த்தி வைக்கவில்லை. கிடந்த நிலையிலேயே வைத்தது. சிவப்பும் நீலமுமாகப் பூசப்பட்ட வண்ணத்தைத் துடைக்கவும் இல்லை. பழைய சிலையைப் போலவே புதிய கறையும் பாதுகாக்கப்பட வேண்டிய ஆவணம் என்று அருங்காட்சியகம் முடிவு செய்தது.

இந்த நிகழ்வின் சட்டப் பகுதியை நம்மில் பலர் பாதியில் படித்து நிறுத்திவிடுகிறோம். சிலையைச் சாய்த்ததாக நால்வர் மீது சொத்துச் சேத வழக்குத் தொடரப்பட்டது. 2022 ஜனவரி 5 அன்று நடுவர் குழு அவர்களை விடுவித்தது. கொண்டாடினோம், சரி. அதே ஆண்டு ஏப்ரலில் அரசின் தலைமை வழக்கறிஞர் அந்தச் சட்டக் கேள்வியை மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வைத்தார். குறிப்பிடத்தக்க அளவில் பிறர் சொத்தைச் சேதப்படுத்தும் செயலுக்குக் கருத்துரிமை பாதுகாப்பு அளிக்காது என்பதே அங்கே கிடைத்த விடை. நால்வரின் விடுதலை பாதிக்கப்படவில்லை. அடுத்து வருபவர்களுக்கான கதவுதான் குறுகியது. அருங்காட்சியகம் போற்றிய அதே செயலை, சட்டம் பாதுகாக்க மறுத்தது. இதில் முரண் இல்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

சட்டம் கேட்கும் கேள்வி

இந்தியச் சட்டத்துக்கு வருவோம். கலைத்தரத்தை எடைபோடும் வேலையை நம் சட்டம் பெரும்பாலும் தன் தலையில் ஏற்றிக்கொள்வதில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 2(சி)யில், ஓவியம், சிற்பம், வரைபடம் முதலியவற்றை அவற்றுக்குக் கலைத்தரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 'கலைப்படைப்பு' என்றே வரையறுக்கிறது. மாணவர்கள் வரைந்த முகம் கலைப்படைப்பு. அதன்மேல் ஒருவர் இன்னோர் உருவத்தை வரைந்திருந்தால் அதுவும் சட்டத்தின் கண்ணில் கலைப்படைப்பாகிவிடக்கூடும். வாளியால் ஊற்றிய கழிவு எண்ணெய் அப்படி ஆகுமா என்பது ஐயமே; ஆனால் வழக்கை அந்த ஐயத்தின்மீது கட்டக்கூடாது.

அதே சட்டத்தின் பிரிவு 57, படைப்பாளியின் தார்மீக உரிமையைப் பேசுகிறது. படைப்பைச் சிதைத்தல், திரித்தல் முதலியவை படைப்பாளியின் மதிப்புக்கோ நற்பெயருக்கோ ஊறு விளைவித்தால் அவர் வழக்குத் தொடரலாம். உரிமையை விற்றுவிட்ட பிறகும் தொடரலாம். சிற்பி அமர்நாத் சேகல் தில்லி விஞ்ஞான் பவனுக்காக உருவாக்கிய மாபெரும் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசு 1979இல் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டுச் சிதைய விட்டது. தில்லி உயர்நீதிமன்றம் 2005இல், படைப்பை முற்றாக அழிப்பதும் பிரிவு 57க்குள் வரும் என்று கூறி, எஞ்சிய பகுதிகளைச் சிற்பியிடம் ஒப்படைக்கவும் ஐந்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது.

நியூயார்க்கில் இதைவிடப் பெரிய தொகை. குயின்ஸ் பகுதியில் 'ஃபைவ் பாயின்ட்ஸ்' என அழைக்கப்பட்ட தொழிற்கூடக் கட்டடத்தின் சுவர்கள், உரிமையாளரின் இசைவோடு பல ஆண்டுகள் கிராஃபிட்டிக் கலைஞர்களின் களமாக இருந்தன. 2013 நவம்பரில், ஓரிரவில், உரிமையாளர் அனைத்தையும் வெள்ளையடித்து மறைத்தார். 21 கலைஞர்களின் 45 படைப்புகளுக்காக, படைப்புக்கு ஒன்றரை இலட்சம் டாலர் வீதம், 67.5 இலட்சம் டாலர் வழங்குமாறு 2018இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. நிலையற்ற தெருவோவியமும் மதிப்புடையதே என்பதை அந்தத் தீர்ப்பு ஏற்றது. ஆனால் அதே நகரின் கூட்டாட்சி நீதிமன்றம் 1997இல் இன்னொரு வழக்கில், உரிமையாளரின் இசைவின்றிச் சட்டத்துக்குப் புறம்பாக வரையப்பட்டு, சுவரிலிருந்து பிரித்தெடுக்க முடியாத படைப்புகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று சொல்லியிருந்தது. இந்த இரண்டாவது தீர்ப்பையும் அறிந்திருங்கள். எதிர்த்தரப்பு அறிந்திருக்கும்.

பதிப்புரிமையின் வழி நமக்குப் பெரிதும் உதவாது என்பதற்கு இன்னோர் அடிப்படைக் காரணம் உண்டு. பிரிவு 57 காப்பது வரைந்தவரின் நற்பெயரை. அந்தச் சுவரில் அறையப்பட்ட சாணி, வரைந்த மாணவரின் தூரிகைத் திறனைப் பற்றிய விமர்சனம் அல்ல. அது யாரை நோக்கி அறையப்பட்டது என்பது அறைந்தவருக்குத் தெரியும், காலையில் பார்த்தவர்களுக்கும் தெரியும், வட்டாட்சியருக்கும் தெரியும்.

திருச்சியில் உடைந்த களிமண்

அந்தப் பேச்சுவார்த்தையில் எழாத, ஆனால் எந்த நேரமும் எழக்கூடிய வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. "பெரியார் பிள்ளையாரை உடைக்கவில்லையா?"

உடைத்தார். 1953 மே 27 அன்று திருச்சி டவுன்ஹால் மைதானத்தில், ஊரறிய, பட்டப்பகலில் பிள்ளையார் உருவத்தை உடைத்தார். வீரபத்திரன் செட்டியார் என்பவர் அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டம் பிரிவு 295, 295ஏ ஆகியவற்றின்கீழ் முறையிட்டார். கோயிலில் நிறுவி வழிபடப்படாத களிமண் உருவம் புனிதப் பொருள் ஆகாது என்று கீழ் நீதிமன்றங்கள் முறையீட்டைத் தள்ளுபடி செய்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1958 ஆகஸ்ட் 25 அன்று வந்த தீர்ப்பு இரண்டு செய்திகளைச் சொன்னது. ஒன்று, கீழ் நீதிமன்றங்களின் பார்வை மிகக் குறுகியது. தன்னளவில் மதிப்பற்ற பொருளாயினும், ஒரு பிரிவு மக்கள் அதைப் புனிதமாகக் கருதினால் அது சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும். இரண்டு, ஐந்து ஆண்டுகள் பழையதாகிவிட்ட முறையீட்டை மறுபடி விசாரணைக்கு அனுப்பத் தேவையில்லை, மேல்முறையீடு தள்ளுபடி. பெரியார் தண்டிக்கப்படவில்லை. ஆனால் அவர் தரப்புக்குச் சாதகமாக இருந்த சட்ட விளக்கமும் பிழைக்கவில்லை.

இந்தத் தீர்ப்பைப் பகுத்தறிவாளர்கள் சங்கடத்தோடு வாசிப்பதை அறிவேன். எனக்கும் சங்கடம் உண்டு. ஆனால் பொருளின் மதிப்பு அந்தப் பொருளில் இல்லை, அதை மதிக்கும் மக்களிடம் இருக்கிறது என்ற அதே தருக்கம்தான் பின்னாளில் நமக்கான சட்டப் பிரிவிலும் வந்து அமர்ந்தது. ஒரு பக்கம் மட்டும் வெட்டும் கத்தி சட்டத்தில் அரிது.

அப்படியானால் திருச்சியில் உடைத்ததும் சேரிச் சுவரில் அறைந்ததும் ஒன்றா? உடைக்கப்பட்ட களிமண் பெரியார் தரப்பினர் தாங்களே கொண்டுவந்தது. எந்தக் கோயிலின் கருவறையிலிருந்தும், எந்த வீட்டின் மாடத்திலிருந்தும் எடுக்கப்பட்டதல்ல. இரவில் அல்ல, முகத்தை மூடிக்கொண்டு அல்ல. 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அம்பேத்கரும் தோழர்களும் மனுஸ்மிருதியைக் கொளுத்தியதும் அவ்வாறே. தங்கள் கையிலிருந்த படியை, தங்கள் மாநாட்டுப் பந்தலில், முன்வைத்த காரணங்களோடு, தங்களை விலங்கிலும் கீழாக வைத்த நூல் என்பதற்காகக் கொளுத்தினார்கள். இவற்றை அரங்கேற்றக் கலை என்று இன்றைய கல்விப்புலம் அழைக்கக்கூடும். அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் அந்தச் செயல்களின் நியாயம் கூடவோ குறையவோ போவதில்லை.

எஸ்சுக்கு அடுத்த எழுத்து

பட்டியல் சாதிகள் மற்றும் பட்டியல் பழங்குடிகள் (வன்கொடுமைத் தடுப்பு) சட்டம், 1989இல் நிறைவேறியது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தபோது அதில் புதிய குற்றங்கள் பல சேர்ந்தன. நமக்கு வேண்டியது பிரிவு 3(1)இன் 'டி' உட்பிரிவு. ஆங்கில அகரவரிசையில் 'டி' என்று ஒலிக்கும் எழுத்து இரண்டு இருப்பதால் காவல் நிலையத்தில் குழப்பம் நேரும். இது எஸ்சுக்கு அடுத்து வரும் எழுத்து. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ புனிதமாகவோ உயர்மதிப்புடனோ கருதுவதாகப் பொதுவாக அறியப்பட்ட பொருளை, அந்தச் சமூகங்களைச் சேராத ஒருவர் அழித்தாலோ சேதப்படுத்தினாலோ இழிவுபடுத்தினாலோ அது குற்றம். 'பொருள்' என்பதில் சிலை, ஒளிப்படம், உருவப்படம் ஆகியவை அடங்கும் என்று விளக்கமும் தரப்பட்டுள்ளது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும்.

இந்தப் பிரிவில் என்ன இருக்கிறது என்பதைப் போலவே என்ன இல்லை என்பதையும் வாசிக்க வேண்டும். சுவர் யாருடையது என்ற கேள்வி இல்லை. வரைய அனுமதி இருந்ததா என்ற கேள்வி இல்லை. ஓவியம் நன்றாக இருந்ததா என்பது இல்லை. 'பொதுமக்கள் பார்வையில்' நிகழ வேண்டும் என்ற நிபந்தனை, சாதி இழிசொல் தொடர்பான உட்பிரிவுகளில் உண்டு, இதில் இல்லை. கலை நோக்கில் செய்தால் விலக்கு என்பதும் இல்லை. ஆபாசம் பற்றிய பிரிவோடு இதை ஒப்பிடுங்கள். அன்றைய தண்டனைச் சட்டம் 292ஆயினும் இன்றைய பாரதிய நியாய சன்ஹிதா 294ஆயினும், அறிவியல், இலக்கியம், கலை ஆகியவற்றின் நலனுக்கானவற்றுக்கு விலக்கு வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. கலைக்கு விலக்கு அளிக்க நினைத்த இடத்தில் நாடாளுமன்றம் அதை எழுதியது. இங்கே எழுதவில்லை. "நான் செய்தது கலை" என்று குற்றம் சாட்டப்பட்டவர் மெய்ப்பித்தாலும், அந்த மெய்ப்பிப்பு இந்தப் பிரிவின்முன் விடை ஆகாது.

குற்றமனம் தேவையே இல்லை என்று நான் வாதிடமாட்டேன். மேலதிகாரியின் ஆணைப்படி தெரு முழுவதற்கும் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு வந்த துப்புரவுத் தொழிலாளியைக் குற்றவாளி ஆக்குவது இந்தச் சட்டத்தின் நோக்கம் அல்ல. அந்தச் சுண்ணாம்பு வாளியைத் தூக்குபவரும் பெரும்பாலும் நம்மவர்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, இந்தப் பிரிவு 'யார் செய்தார்' என்று கேட்பது. லண்டன் சுவரில் அந்தக் கேள்விக்குப் பொருள் இல்லை. பிரிஸ்டலில் அதுதான் முழுப்பொருள். ஆனால் அங்குள்ள சேதச் சட்டம் அதைக் கேட்கவில்லை. நம் சட்டம் கேட்கிறது. தலித் ஓவியர் ஒருவர் அம்பேத்கரின் உருவத்துக்குக் காதில் ஒலிக்கருவி மாட்டி வரையலாம், கோட்டைக் கழற்றிவிட்டு வேறு உடை அணிவிக்கலாம், அம்பேத்கரைச் சிலையாக்கியதைக் கேலி செய்து அந்தப் படத்தின் மீதே கோடு கிழிக்கலாம். ஊர் மக்கள் கோபப்படலாம். வன்கொடுமைச் சட்டம் அவரைத் தொடாது. அரசியலில் தனிமனித பக்தி வீழ்ச்சிக்கும் சர்வாதிகாரத்துக்கும் இட்டுச்செல்லும் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தவரின் படத்தை நமக்குள் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதாக ஆக்கிவிடக்கூடாது என்பதால், இந்த இடைவெளி எனக்கு ஆறுதலே தருகிறது. 'புனிதம்' என்ற சொல்லோடு நிற்காமல் 'உயர்மதிப்பு' என்ற சொல்லையும் சட்டம் சேர்த்திருப்பதை அந்தக் கோணத்திலேயே வாசிக்கிறேன்.

தமிழ்நாட்டில் கம்பிக் கூண்டுக்குள் நிற்கும் அம்பேத்கர் சிலைகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். அந்த முகத்தின் மீது இரவில் விழும் கறை எதை முன்னறிவிக்கிறது என்பதைச் சேரியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கறை விழுந்த மறுநாள் பிள்ளைகளைத் தனியாகப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று பெற்றோர் யோசிக்கிறார்கள். ராபோ, பேங்க்ஸி கதையை எடுத்துக் காட்டுபவர்கள் இந்த ஒரு வேறுபாட்டை எடைபோட மறுக்கிறார்கள்.

மறுபக்கத்துக்கும் ஓர் எச்சரிக்கை. சாதிச் சங்கங்களின் சுவர் விளம்பரங்கள் மீது நம் இளைஞர்கள் எழுதும்போது, "இதுவும் கலைதான்" என்ற நம்பிக்கையில் எழுதாதீர்கள். சொத்துச் சேதத்துக்கான பிரிவு 324, பகைமை வளர்த்தலுக்கான பிரிவு 196, தமிழ்நாட்டின் 1959ஆம் ஆண்டுத் திறந்தவெளி அழகைக் கெடுத்தல் தடுப்புச் சட்டம் ஆகியவை வரிசையாகக் காத்திருக்கின்றன. எழுதக்கூடாது என்று சொல்ல நான் யார்? விலை தெரிந்து எழுதுங்கள் என்கிறேன், அவ்வளவே.

இனி நடைமுறை. இத்தகைய நிகழ்வுகளில் நான் திரும்பத் திரும்பக் காணும் பெரும் இழப்பு, விடிவதற்குள் சுவர் கழுவப்பட்டுவிடுவது. பதற்றத்தைத் தணிக்கிறோம் என்று காவல்துறையே ஆள் வைத்து வெள்ளையடிக்கும்; சில நேரம் அவமானம் தாங்காமல் நம்மவர்களே கழுவிவிடுவார்கள். முதலில் படமெடுங்கள்: சுவர் முழுவதும் தெரியும்படி, அருகிலுள்ள அடையாளங்களோடு, கறை நெருக்கத்தில் தெரியும்படி. கறை படிவதற்கு முன்பு எடுத்த படம் யாருடைய கைப்பேசியிலாவது இருக்கும். அதைத் தேடிப்பிடித்து அழியாமல் வைத்திருங்கள். பார்வை மகஜர் தயாராகி, எண்ணெயின் மாதிரி எடுக்கப்படும்வரை சுவரைத் தொட விடாதீர்கள். முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று பிரிவு 18ஏ சொல்கிறது. அமைதிப் பேச்சுவார்த்தை அதற்கு மாற்று அல்ல. முன்பிணைக்குப் பிரிவு 18 தடை. துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும் என்கிறது விதி 7. பிணை மனு விசாரணையில் பாதிக்கப்பட்டோர் தரப்பைக் கேட்க வேண்டும் என்கிறது பிரிவு 15ஏ.

நான் குறிப்பிட்ட வழக்கில், மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் மனு கொடுத்த பின்பே அறிக்கை பதிவாயிற்று. மகஜர் முடிந்த அன்று மாலை சுவரை என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தது. வரைந்த மாணவர்களில் ஒருவர், கறையைத் துடைக்காமல் அப்படியே விட்டு, சுற்றிலும் சட்டம்போல் ஒரு கோடு வரைந்து, கீழே தேதியை மட்டும் எழுதலாம் என்றார். பிரிஸ்டல் அருங்காட்சியகத்தின் படத்தைக் கைப்பேசியில் காட்டினார். எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் சொன்னார்: "நீ காலேஜுக்குப் போயிடுவ தம்பி. தெனமும் தண்ணிக்குப் போகயில அந்தச் சாணிய மூஞ்சிக்கு நேரா பாக்குறது நாங்கதானே? தொடச்சுட்டு மறுபடி வரைஞ்சு குடு."

மாணவர் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மண்ணெண்ணெயும் பழைய துணியும் கொண்டுவரப் பிள்ளைகள் ஓடினார்கள். கறையின் ஒளிப்படங்கள் பதினான்கு, இப்போது வழக்குக் கட்டில் இருக்கின்றன.